நிரலாளர் மாநாட்டில் முதல் நாள்



மருத்துவர்கள் மாநாடு கூட்டுகிறார்கள். உழவர்களும் ஆசிரியர்களும் கூட்டுகிறார்கள். அவ்வாறே கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் ஆண்டுதோறும் பல ஊர்களில் கூடுகிறார்கள். நிரல் எழுதுவதோ ஓர் அறையில் தனியே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. எழுதிய நிரலை நொடிப்பொழுதில் உலகின் எந்த மூலைக்கும் அனுப்பிவிடலாம். அப்படியிருக்க, இவர்கள் ரயிலேறி வந்து ஒரு மண்டபத்தில் கூடுவானேன்? அங்கே என்ன நடக்கிறது? முதன்முறையாகச் செல்பவர் எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

இவற்றுக்கு விடை கூற நான் நிரல் வல்லுநன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். 2019 அக்டோபரில் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள வர்த்தக மையத்தில் நடந்த ‘பைக்கான் இந்தியா’ மாநாட்டுக்குத்தான் முதன்முறையாகப் போனேன். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதுவோர் கூடும் மாநாடு அது. நான் எடுத்துச் சென்றவை ஒரு குறிப்பேடு, ஒரு மடிக்கணினி, அதனுள் ஒரு பிழை. அந்தப் பிழையின் கதையோடு மாநாட்டின் கதையையும் சொல்கிறேன்.

ஓடிப்போன கோள்

சூரியனைக் கோள் சுற்றிவருவதைத் திரையில் காட்ட, என் வகுப்புக்காக ஒரு நிரல் எழுதியிருந்தேன். கணிப்பொறிக்குத் தொடர்ச்சியான இயக்கம் தெரியாது. ஒரு சிறிய கால இடைவெளியை எடுத்துக்கொண்டு, ‘இப்போது கோள் இங்கே இருக்கிறது, இன்ன வேகத்தில் செல்கிறது, ஆகவே அடுத்த கணத்தில் அங்கே இருக்கும்’ என்று அடி அடியாகக் கணக்கிட்டுக்கொண்டே போகும். என் நிரலும் அப்படித்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கோள் சற்றே வெளியே தள்ளிப்போயிற்று. பத்துச் சுற்றுக்குள் திரையின் ஓரத்துக்கே வந்துவிட்டது.

“கணிப்பொறி எண்களைத் தோராயமாகத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் வரும் சிறு பிழை இது” என்று வகுப்பில் கூறினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். “சார், தோராயம் என்றால் சில சமயம் உள்ளேயும் வர வேண்டுமே? ஏன் எப்போதும் வெளியே மட்டும் போகிறது?” என்று கேட்டார்.

மிக நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “அது நம் பாடத்துக்கு வெளியே உள்ளது” என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். இரண்டு ஆண்டுகள் அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிழையோடு பிறந்த கலை

நிரலாளர் மாநாடு புதிய வழக்கம் அன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் எட்சாக் என்னும் கணிப்பொறியைக் கட்டினார்கள். அது 1949 மே 6ஆம் நாள் தன் முதல் நிரலை இயக்கி, எண்களின் வர்க்கப் பட்டியல் ஒன்றை அச்சிட்டது. அடுத்த மாதமே அங்கு ஒரு மாநாடு கூடியது.

அந்த 1949 ஜூன் மாதத்தில் வில்க்ஸ் ஓர் உண்மையை உணர்ந்தார். தம் எஞ்சிய வாழ்நாளில் ஒரு பெரும்பகுதி, தாமே எழுதிய நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதில்தான் கழியப் போகிறது என்பதே அது. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவர் அப்போது எழுதிய ஒரு நிரலின் துளையிட்ட நாடா நமக்குக் கிடைத்துள்ளது. அதில் 126 வரிகள். பிழைகளோ ஏறத்தாழ 20!

அதே மாநாட்டில் ஆலன் டியூரிங் ஒரு சிறு கட்டுரை படித்தார். நீளமான நிரல் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி என்பதே பொருள். பெரிய கூட்டல் கணக்கு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதி விடையை மட்டும் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுக்கணக்கையும் ஒரே மூச்சில் போட வேண்டும். ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையையும் எழுதிக் கொடுத்தால், பத்தி பத்தியாகத் தனித்தனியே பார்த்துவிடலாம். நிரலிலும் இடையிடையே ‘இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும்’ என்று குறித்துவைக்க வேண்டும் என்றார் டியூரிங். வேடிக்கை என்னவென்றால், பிழை பார்ப்பது பற்றிய அந்தக் கட்டுரையே ஏராளமான அச்சுப்பிழைகளோடு வெளியாயிற்று. அவற்றைத் திருத்தி 1984இல் மீண்டும் வெளியிட்டார்கள்.

ஆக, நிரலாளர் கூட்டங்களில் தொடக்கம் முதலே பிழைகளுக்கு ஓர் இடம் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பைத்தானுக்கு வருவோம். கீடோ வான் ரோசம் என்னும் டச்சுக்காரர் 1989 டிசம்பரில் இம்மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991இல் முதல் வெளியீடு வந்தது. 1994 நவம்பரில் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் நடந்த முதல் பைத்தான் பட்டறைக்குச் சுமார் இருபது பேர் வந்தார்கள். பைக்கான் என்ற பெயரில் முதல் மாநாடு 2003இல் வாஷிங்டன் நகரில் நடந்தது. இந்தியாவில் முதல் பைக்கான் 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது. பத்து ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு வந்தது.

மாநாடு எப்படி நடக்கிறது?

இத்தகைய மாநாட்டில் பேச விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்பே தம் உரையின் சுருக்கத்தை அனுப்ப வேண்டும். ஒரு குழு அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும். பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்தான் பேசலாம் என்பது இல்லை. கல்லூரி மாணவர்களும் மேடையேறுவதுண்டு. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

நீண்ட உரைகளைத் தவிர ‘மின்னல் உரை’ என்று ஒன்று உண்டு. அதற்கு 5 நிமிடமே. அன்றைக்கே பெயர் கொடுத்துப் பேசலாம். நேரம் முடிந்ததும் அவையோர் கைதட்டிவிடுவார்கள். பேசுபவர் இறங்கிவிட வேண்டியதுதான். பாதியில் நின்ற வேலையைப் பற்றியும், தோல்வியடைந்த முயற்சியைப் பற்றியும் இதில் தாராளமாகப் பேசுவார்கள்.

மூன்றாவது, ‘திறந்த அவை’. ஒரு வெற்றுப் பலகையில் நேரமும் இடமும் மட்டும் கட்டம் போட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு கட்டத்தில் தாம் பேச விரும்பும் பொருளை எழுதலாம். அதில் ஆர்வம் உள்ளவர்கள் அந்த நேரத்துக்கு அங்கே வந்து வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே மேடையும் இல்லை, தலைவரும் இல்லை.

நான்காவது, ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் கூட்டு வேலை. எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் பொது நிரல்கள் பல உள்ளன. அவற்றைப் பராமரிப்பவர்கள் வந்து அமர்ந்திருப்பார்கள். புதியவர்கள் அவர்கள் அருகில் உட்கார்ந்து, அந்த நிரல்களில் உள்ள சிறு குறைகளைத் திருத்தக் கற்றுக்கொள்ளலாம். ஒரு வாக்கியப் பிழையைத் திருத்தினாலும் அது உலகம் முழுவதும் பயனாகும் திருத்தமே.

தாழ்வாரத்தில்

இவ்வளவும் இன்று தெளிவாகச் சொல்கிறேன். முதல் நாள் காலையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். என்னைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் என் மாணவர்களின் வயதினர். நான் கேட்ட முதல் உரையில் முதல் பத்து நிமிடம் புரிந்தது; பிறகு பேச்சாளர் எங்கோ போய்விட்டார். தெரியாத சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பிற்பகலுக்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தில் ஆங்காங்கே கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டத்தில் நான்கைந்து பேர் வட்டமாக நின்றார்கள்; ஆனால் வட்டம் முழுமையாக இல்லை. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இது தற்செயல் அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். இதற்குப் ‘பேக்மேன் விதி’ என்று பெயர். 1980இல் வெளிவந்த பேக்மேன் என்னும் திரை விளையாட்டில் வாய் திறந்த வட்ட உருவம் ஒன்று வரும். அதைப் போல, நின்று பேசும்போது வட்டத்தில் ஒரு வாயைத் திறந்தே வைக்க வேண்டும். புதிதாக வருபவர் கேட்காமலேயே வந்து சேர்ந்துகொள்ளலாம். பல நிரலாளர் மாநாடுகளில் இதைச் சொல்லியே அனுப்புகிறார்கள்.

அந்த இடைவெளியில் நான் போய் நின்றேன். பேச்சு ஓய்ந்தபோது, “நான் ஓர் இயற்பியல் ஆசிரியர். என் கோள் ஓடிப்போகிறது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஓர் இளம்பெண், “காட்டுங்க சார், பார்க்கலாம்” என்றார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்பவர். சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தோம்.

என் நிரலில் 200 வரிகளுக்கு மேல் இருந்தன. அவர் உடனே பிழையைத் தேடவில்லை. “இதில் நிறம், எழுத்து, நட்சத்திரம் எல்லாம் இருக்கிறது. பிழை வருவதற்கு இவை வேண்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவற்றை நீக்கினோம், கோள் அப்போதும் ஓடியது. “சூரியனும் கோளும் வேண்டுமா? இதைவிட எளிய இயக்கம் ஒன்று சொல்லுங்கள்” என்றார். சுருள்வில்லில் கட்டிய எடை என்றேன். 200 வரிகள் பத்து வரிகளாகச் சுருங்கின. பிழை அப்போதும் இருந்தது. ஆகவே அது அந்தப் பத்து வரிகளுக்குள்தான் இருக்க வேண்டும்!

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. “சார், இந்த இயக்கத்தில் எது மாறாமல் இருக்க வேண்டும்? அதை ஒவ்வோர் அடியிலும் அச்சிட்டுப் பார்க்கலாமே.” ஆற்றல் அழியாமை விதியை ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். என் நிரலில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டியூரிங் 1949இல் சொன்ன இடைநிலைச் சோதனை இதுவே அல்லவா?

இரண்டு வரிகளின் இடமாற்றம்

நீங்களும் காகிதத்தில் செய்து பாருங்கள். எடையின் நிறை 1 கிலோகிராம். சுருள்மாறிலி மீட்டருக்கு 1 நியூட்டன். எடையை நடுநிலையிலிருந்து 1 மீட்டர் இழுத்து விடுகிறோம். தொடக்கத்தில் இடம் 1, திசைவேகம் 0. கால இடைவெளி 0.5 வினாடி. என் நிரலின் உயிரான மூன்று வரிகள் இவை:

முடுக்கம் = − இடம்
இடம் = இடம் + 0.5 × திசைவேகம்
திசைவேகம் = திசைவேகம் + 0.5 × முடுக்கம்

நிரலில் சமக்குறி என்பது ‘வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் வை’ என்று பொருள்படும். மூன்று வரிகளையும் ஒருமுறை செய்வது ஓர் அடி. இங்கு மொத்த ஆற்றலின் இருமடங்கு, இடத்தின் வர்க்கமும் திசைவேகத்தின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகை. அது தொடக்கத்தில் 1. எப்போதும் 1 ஆகவே இருக்க வேண்டும். நடப்பதைப் பாருங்கள்:

முதல் அடி: இடம் 1, திசைவேகம் −0.5, கூட்டுத்தொகை 1.25
இரண்டாம் அடி: இடம் 0.75, திசைவேகம் −1, கூட்டுத்தொகை 1.5625
மூன்றாம் அடி: இடம் 0.25, திசைவேகம் −1.375, கூட்டுத்தொகை 1.953125

ஒவ்வோர் அடியிலும் ஆற்றல் சரியாக 1.25 மடங்கு ஆகிறது. 12 அடிகளில் 14 மடங்குக்கும் மேல் பெருகிவிடும். இது எண்களின் தோராயத்தால் வருவது அன்று. மேலே நாம் எந்த எண்ணையும் தோராயமாக்கவே இல்லை. புதிய இடம், பழைய இடத்தோடு பாதித் திசைவேகத்தைக் கூட்டியது. புதிய திசைவேகம், பழைய திசைவேகத்திலிருந்து பாதி இடத்தைக் கழித்தது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். நடுவில் வரும் பெருக்கல் உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். எஞ்சுவது பழைய கூட்டுத்தொகையின் 1.25 மடங்கு. பிழை முறையிலேயே இருக்கிறது.

கோள் ஏன் எப்போதும் வெளியே போகிறது என்பதற்கு இன்னும் எளிய விடை உண்டு. வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்திருக்கிறீர்கள். வட்டப்பாதையில் செல்லும் கோளின் திசைவேகம் தொடுகோட்டின் வழியே இருக்கும். தொடுகோட்டின் வழியே எவ்வளவு சிறிய அடி வைத்தாலும் கால் வட்டத்துக்கு வெளியேதான் விழும். உள்ளே விழ வழியே இல்லை. கடைசி வரிசை மாணவர் கேட்டதற்கு விடை இதுதான்!

தரையில் அமர்ந்திருந்த அந்தப் பெண், “இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா சார்?” என்றார். அதாவது முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக்கொண்டு இடத்தைக் கணக்கிடுவது. செய்தோம்.

முதல் அடி: திசைவேகம் −0.5, இடம் 0.75, கூட்டுத்தொகை 0.8125
இரண்டாம் அடி: திசைவேகம் −0.875, இடம் 0.3125, கூட்டுத்தொகை ஏறத்தாழ 0.863
மூன்றாம் அடி: திசைவேகம் −1.03125, இடம் −0.203125, கூட்டுத்தொகை ஏறத்தாழ 1.105

கூட்டுத்தொகை 1 ஆகவே நிற்கவில்லை. சற்றுக் குறைகிறது, சற்றுக் கூடுகிறது. ஆனால் எத்தனை ஆயிரம் அடிகள் வைத்தாலும் 0.8க்குக் கீழே இறங்குவதில்லை, 1.34ஐத் தாண்டுவதும் இல்லை. கால இடைவெளியை 0.1 வினாடியாகக் குறைத்தால் 0.95க்கும் 1.06க்கும் இடையே அடங்கிவிடுகிறது. இதே மாற்றத்தைக் கோள் நிரலில் செய்தோம். கோள் தன் பாதையில் ஒழுங்காகச் சுற்றத் தொடங்கியது.

ஒரு மாணவியின் கைத்தவறு

ஊர் திரும்பிய பின் இம்முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். இதை ‘ஆய்லர்–க்ரோமர் முறை’ என்கிறார்கள். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் ஆலன் க்ரோமர் 1981இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் வந்தது. கணித அறிஞர்களுக்கு இது முன்பே தெரிந்த முறைதான். ஆனால் க்ரோமருக்கு அது கிடைத்த வழி வேறு. ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி நிரல் எழுதும்போது தற்செயலாக இம்முறையில் எழுதிவிட்டார். விடை தவறாக வராமல், எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. அந்த மாணவி அதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தால்? சொன்னார், க்ரோமர் அதை ஆராய்ந்து, அது ஏன் நன்றாக வருகிறது என்பதை நிறுவினார், கண்டவர் அந்த மாணவியே என்பதையும் தம் கட்டுரையில் பதிவு செய்தார். அவரும் உங்களைப் போல ஒரு பள்ளி மாணவிதான்!

நீங்கள் செல்லும்போது

நீங்கள் ஒருநாள் இத்தகைய மாநாட்டுக்குச் செல்லக்கூடும். அப்போது ஓர் இயற்பியல் ஆசிரியரின் அனுபவம் உங்களுக்குப் பயன்படட்டும்.

எல்லா உரைகளையும் கேட்டே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். பெரும்பாலான உரைகள் பின்னர் ஒளிப்பதிவாக இணையத்தில் கிடைக்கும். தாழ்வாரத்தில் நிற்கும் மனிதர்கள் அப்படிக் கிடைக்க மாட்டார்கள். ஆகவே ஓர் உரையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அது நட்டம் அன்று.

பாதி புரியவில்லை என்று மனம் தளராதீர்கள். புரியாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என் இரண்டு பக்கச் சொற்களில் பாதிக்கு அடுத்த ஆறு மாதத்தில் பொருள் தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு ஓடாத நிரல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதை முடிந்தவரை சுருக்கிக்கொண்டு செல்லுங்கள். ‘நான் செய்தது இது; எதிர்பார்த்தது இது; நடந்தது இது’ என்று மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழகுங்கள். பல சமயம் சுருக்கும்போதே பிழை உங்கள் கண்ணில் பட்டுவிடும். படாவிட்டால், கேட்பவருக்கு அது எளிதில் விளங்கும்.

வட்டத்தில் நிற்கும்போது ஓர் ஆளுக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

எனக்குப் பாடம் கற்பித்த அந்தக் கடைசி வரிசை மாணவர் அதற்குள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, வகுப்பில் நான் சொன்ன விடை தவறு என்பதையும் சரியான விடையையும் கூறினேன். “நான் கேட்டதையே மறந்துவிட்டேன், சார்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “அப்படியானால் தொடுகோடுதான் காரணமா!” என்றார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்புக்கு முதலில் பிழையுள்ள நிரலையே காட்டுகிறேன். ஏன் வெளியே போகிறது என்று யாராவது கேட்கும்வரை காத்திருக்கிறேன்.

செய்து பாருங்கள்: முதல் முறையில் கால இடைவெளியை 0.5 வினாடிக்குப் பதிலாக 0.1 வினாடி என வைத்துக்கொண்டால், ஆற்றல் ஒவ்வோர் அடியிலும் எத்தனை மடங்கு ஆகும்? எத்தனை அடிகளில் அது இருமடங்கைத் தாண்டும்? காகிதத்தில் கண்டுபிடித்து, நண்பர்களிடம் காட்டிச் சரிபாருங்கள். விடை தவறாக வந்தால் மறைக்காதீர்கள், அதையும் காட்டுங்கள்.